ஒக்கிப் புயல், 2017: எங்கே தேடுவது என்பது யாருக்குத் தெரிந்திருந்தது?

2017 டிசம்பர் 2 ஆம் தேதி மகாராஷ்டிர முதலமைச்சர் ஒரு செய்தியை வெளியிட்டார். ஒக்கிப் புயலில் சிக்கிய 68 மீன்பிடிப் படகுகள் சிந்துதுர்க் மாவட்டக் கரையில் பத்திரமாக ஒதுங்கியுள்ளன. அவற்றில் 952 மீனவர்கள் இருக்கிறார்கள். 66 படகுகள் கேரளப் பதிவு பெற்றவை, இரண்டு தமிழ்நாட்டுப் பதிவு பெற்றவை. தேவ்கட் துறைமுகத்திலிருந்து வந்த இந்தச் செய்தி குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் யார் யார் பிழைத்தார்கள் என்பதை அது சொல்லவில்லை. படகு கேரளப் பதிவு பெற்றது என்பதால் அதில் இருப்பவர் கேரளத்துக்காரர் ஆகிவிடுவதில்லை. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் நெடுங்காலமாகக் கொச்சித் தோப்பும்படித் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு தொழில் செய்கிறவர்கள். வீடும் வாக்குரிமையும் தமிழ்நாட்டில், படகின் பதிவும் புறப்படும் துறையும் கேரளத்தில், மீன் பிடிக்கும் இடம் லட்சத்தீவுக்கும் அப்பால் என்பதே அவர்களுடைய வாழ்க்கை. காணாமல் போன ஒருவரை எந்த மாநிலம் எண்ணுவது, எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்ற சிக்கல் புயலுக்கு முன்பே இருந்தது. புயல் அதை வெளியே கொண்டு வந்தது.

ஒக்கியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு பொருள்களைச் சுற்றியே நடந்திருக்கிறது: வானிலை எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்ததா, நிவாரணம் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பவை. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள தேடுதல் பணி குறைவாகவே ஆராயப்பட்டுள்ளது. ஒரு பக்கம் கடற்படை, கடலோரக் காவல்படை, விமானப்படை. மறுபக்கம் மீன்வளத் துறைகள், மாவட்ட நிர்வாகங்கள், பேரிடர் மேலாண்மை ஆணையங்கள், வானிலைத் துறை, ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையமான இன்கோயிஸ். இவ்விரண்டிலும் சேராமல் மீனவ ஊர்களும் அவற்றின் தேவாலயப் பங்குத்தந்தைகளும். இந்த மூன்று தரப்பும் எப்படிச் சேர்ந்து இயங்கின, எங்கே சேராமல் போயின என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். கப்பலும் விமானமும் போதாமல் போனது முதன்மைக் குறை அன்று என்பது என் முடிவு. கடலில் எந்தப் படகு எங்கே இருந்தது என்று தெரிந்தவர்களும், அங்கே போய்ச் சேரும் வலிமை உள்ளவர்களும், மிகவும் தேவைப்பட்ட முதல் நாட்களில் ஒரே மேசையில் உட்காரவில்லை.

புயலும் கடலில் இருந்தவர்களும்

நவம்பர் 29 காலையில் இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. அது இலங்கையின் தென்பகுதியைக் கடந்து, மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் சூறாவளிப் புயலாக வலுப்பெற்றது. தாழ்வு மண்டலமாக இருந்தது புயலாக ஒரே நாள்தான் ஆயிற்று. வங்கக் கடலின் நடுவில் தோன்றிக் கரையை நோக்கி வரும் புயல் பொதுவாகச் சில நாட்கள் அவகாசம் தரும். ஒக்கி கரைக்கு அருகிலேயே பிறந்து, பிறந்த வேகத்திலேயே அடித்தது. பிறகு அது லட்சத்தீவு வழியாக வடமேற்கே நகர்ந்து, மணிக்கு 150 முதல் 160 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் உச்சத்தை எட்டி, வடகிழக்கே வளைந்து, டிசம்பர் 5 ஆம் தேதி வாக்கில் குஜராத்தின் தென்கரையை நெருங்கும்போது வலுவிழந்தது. ஆகவே தேட வேண்டிய கடற்பரப்பு குமரிமுனையிலிருந்து ஏறத்தாழ இந்தியாவின் மேற்குக் கரை முழுவதற்கும் நீண்டது.

மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு 29 ஆம் தேதியே வந்திருந்தது. சூறாவளி என்ற சொல் மறுநாள் நண்பகலை ஒட்டித்தான் அறிக்கையில் இடம்பெற்றது. இந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு என்று கேரள அரசும் வானிலைத் துறையும் பின்னர் வாதிட்டன. தேடுதலைப் பொறுத்தவரை அந்த வாதத்தைவிட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. போக வேண்டாம் என்ற அறிவிப்பு கரையில் இருப்பவருக்கானது; ஒரு வாரத்துக்கு முன்பே போய்விட்டவரை அது எட்ட வழியே இல்லை. படகுகளில் இருந்த விஎச்எப் என்னும் வானொலிக் கருவியின் எல்லை இருபது, இருபத்தைந்து கடல் மைலைத் தாண்டாது. அதற்கு அப்பால் இருந்தவர்கள் ஒரு படகிலிருந்து அடுத்த படகுக்கு, அதிலிருந்து அதற்கடுத்த படகுக்கு என்று செய்தியைக் கடத்தித்தான் பிழைக்க முடிந்தது.

கடலில் இருந்தவர்கள் இரு வகையினர். இந்த வேறுபாட்டை முதலிலேயே கணக்கில் கொள்ளாததே பிற்பாடு எழுந்த பல குழப்பங்களுக்கு வித்து. முதல் வகையினர் மாலையில் போய் மறுநாள் காலையில் திரும்பும் நாட்டுப்படகுக்காரர்கள். வெளிப்பொறி பொருத்திய கண்ணாடியிழை வள்ளங்களில், திருவனந்தபுரத்துப் பூந்துறை, விழிஞ்ஞம் முதல் குமரி மாவட்டம் வரையுள்ள ஊர்களிலிருந்து 29 ஆம் தேதி இரவு போனவர்கள். இவர்களுடைய வள்ளங்கள் சில மணி நேரத்தில் கவிழ்ந்தன. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதந்தவர்களுக்கு இருந்த அவகாசம் ஒன்றிரண்டு நாட்களே. இரண்டாம் வகையினர் தங்குகடல் தொழில் செய்யும் பெரிய விசைப்படகுக்காரர்கள்: நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை ஆகிய எட்டு ஊர்களைச் சேர்ந்த, சுறாவும் சூரையும் தேடி நூற்றுக்கணக்கான கடல் மைல் போகிற, வாரக்கணக்கில் கடலிலேயே தங்குகிற ஆட்கள். இவர்களுடைய படகுகளில் பல புயலைத் தாக்குப்பிடித்தன. தேவ்கட்டில் ஒதுங்கியவையும், கர்நாடகத்திலும் லட்சத்தீவிலும் கரைசேர்ந்தவையும் இத்தகையவையே. ஆனால் உடைந்தவை கரையிலிருந்து வெகு தொலைவில் உடைந்தன.

முதல் வகையினருக்கு வேண்டியது முதல் 48 மணி நேரத்தில் கரையை ஒட்டி ஹெலிகாப்டரும் விரைவுப் படகும். இரண்டாம் வகையினருக்கு வேண்டியது நெடுந்தூரம் பறக்கும் கண்காணிப்பு விமானமும், அது பார்த்த இடத்துக்குப் போய்ச் சேரும் கப்பலும், வாரக்கணக்கில் தளராத தேடுதலும். இவை இரண்டும் தனித்தனிப் பணிகள்; ஒன்றுக்குப் போட்ட திட்டம் மற்றதற்குப் பொருந்தாது.

ஏட்டில் இருந்த அமைப்பு

கடலில் தேடி மீட்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 1979 இல் ஹாம்பர்க் நகரில் ஏற்கப்பட்டது. ஒவ்வொரு நாடும் தன் பொறுப்பில் ஒரு கடற்பகுதியை ஏற்று, அதற்கென ஒருங்கிணைப்பு மையம் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியாவின் பொறுப்பில் உள்ள பகுதி ஏறத்தாழ 46 லட்சம் சதுர கிலோமீட்டர். கடலோரக் காவல்படை இதற்கான பொறுப்பு அமைப்பு. அதன் தலைமை இயக்குநரே தேசியக் கடல்சார் தேடுதல் மீட்பு வாரியத்தின் தலைவர். மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களில் ஒருங்கிணைப்பு மையங்களும், கொச்சி போன்ற இடங்களில் துணை மையங்களும் உள்ளன. வாரியத்தில் கடற்படையும் விமானப்படையும் உண்டு. கப்பல் போக்குவரத்துத் துறையும் வானிலைத் துறையும் கடலோர மாநிலங்களும் உண்டு. ஏட்டளவில் குறை சொல்ல அதிகம் இல்லை.

கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருப்பதால்தான் உள்ளூர் நிர்வாகத்தோடு ஒட்டவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. ஆஸ்திரேலியாவில் இந்தப் பொறுப்பு கடல்சார் பாதுகாப்பு ஆணையம் என்ற குடிமை அமைப்பிடம் இருக்கிறது. அது வேண்டும்போது அந்நாட்டு விமானப்படையையும் கடற்படையையும் அழைக்கிறது. பிரான்சில் கடற்படைத் தளபதி ஒருவரே கடல்சார் ஆட்சியராகவும் இருந்து குடிமைத் துறைகளை ஒருங்கிணைக்கிறார். இரண்டு ஏற்பாடுகளும் நன்றாகவே நடக்கின்றன. எந்த அமைச்சகம் என்பது முடிவை நிர்ணயிப்பதில்லை என்றே இதிலிருந்து தெரிகிறது; தகவல் எந்த வழியாக, எவ்வளவு விரைவில் மையத்துக்கு வந்து சேர்கிறது என்பதுதான் நிர்ணயிக்கிறது.

அந்த வழிதான் இங்கே இல்லை. மீன்பிடிப் படகுகளைப் பதிவு செய்வதும் ஒழுங்குபடுத்துவதும் மாநில மீன்வளத் துறைகளின் வேலை. மாநிலச் சட்டத்தின் எல்லை 12 கடல் மைல். பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஆணையம் உண்டு. அதன் கருவிகளெல்லாம் தரைக்கானவை. ஆகவே 12 கடல் மைலுக்கு அப்பால் மத்திய அரசின் படைகளுக்குத் திறன் இருந்தது, படகுகளைப் பற்றிய தகவல் இல்லை. கரையில் மாநிலத் துறைகளிடம் படகுகளின் பதிவேடு இருந்தது, அன்றைக்கு எந்தப் படகு கடலில் இருக்கிறது, அதில் எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை.

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீனவர்களுக்கு விரல்ரேகையுடன் கூடிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. மாநிலத்துக்கு ஒரு நிறம் என்று படகுகளுக்கு வண்ணம் பூசச் சொல்லப்பட்டது. இவை எல்லாம் கடலில் வருகிறவன் யார் என்று அறிவதற்காகச் செய்யப்பட்டவை. வர வேண்டியவன் வராமல் போனால் அதை அறிவதற்கென்று அதே அளவு முனைப்போடு எதுவும் செய்யப்படவில்லை. மீனவனைச் சந்தேகத்துக்குரியவனாக எண்ணிப் பார்க்கும் கணக்கும், அவனைக் காப்பாற்ற வேண்டியவனாக எண்ணிப் பார்க்கும் கணக்கும் ஒன்றல்ல. ஒன்பது ஆண்டுகள் முதல் கணக்கிலேயே கழிந்துபோனது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

தேடுதலின் முதல் நாட்கள்

படைகள் சும்மா இருக்கவில்லை. நவம்பர் 30 ஆம் தேதியே கொச்சியிலிருந்து கடற்படைக் கப்பல்கள் புறப்பட்டன. கடலோரக் காவல்படைக் கப்பல்களும் டோர்னியர் விமானங்களும் இறங்கின. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட விமானப்படையின் தெற்குப் பிரிவு தன் பங்குக்கு வந்தது. பின்னர் ஐஎன்எஸ் சென்னை, ஐஎன்எஸ் கொல்கத்தா போன்ற பெரிய போர்க்கப்பல்களும் பி-8ஐ கண்காணிப்பு விமானமும் லட்சத்தீவுப் பகுதிக்கு அனுப்பப்பட்டன. காற்றும் அலையும் அடங்காத கடலில் ஹெலிகாப்டரிலிருந்து கயிறு இறக்கி ஆட்களைத் தூக்கிய விமானிகளின் துணிவை எந்தக் குறைபாடும் மறைத்துவிடக் கூடாது. டிசம்பர் இறுதியில் பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் அளித்த கணக்குப்படி மீட்கப்பட்டவர்கள் 845 பேர்: தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் 453, கேரளத்தைச் சேர்ந்தவர்கள் 362, லட்சத்தீவைச் சேர்ந்தவர்கள் 30.

அப்படியிருந்தும் கடற்கரை ஊர்கள் கொதித்துப்போயிருந்தன. படைகள் கரைக்கு அருகிலேயே சுற்றுகின்றன, எங்கள் ஆட்கள் இருக்கும் இடம் அது அன்று, சொன்னால் கேட்பாரில்லை என்பது எல்லா ஊர்களிலும் ஒலித்த குறை. பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் மீனவர்கள் காத்திருக்காமல் தங்கள் வள்ளங்களை இறக்கினார்கள். உயிரோடு சிலரையும் உடல்களாகச் சிலரையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். டிசம்பர் 7 ஆம் தேதி குமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் ஊர் ஊராக நடந்து வந்து குழித்துறையில் ரயில் பாதையில் அமர்ந்தார்கள். தேடுதலை ஆழ்கடலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று.

இந்தக் குறையை உணர்ச்சிவயப்பட்ட மக்களின் கூக்குரல் என்று ஒதுக்கியவர்கள் அன்று உண்டு. தேடுதல் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்த்தால் அதில் இருந்த நியாயம் புலப்படும்.

காணாமல் போனவர் கடைசியாக இருந்த இடம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து நீரோட்டமும் காற்றும் அவரை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் தள்ளியிருக்கும் என்று கணக்கிட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் தேடுவதே முறை. கவிழ்ந்த வள்ளமும், நிமிர்ந்தபடி இயந்திரம் நின்றுபோன விசைப்படகும், உயிர்காப்பு உடுப்போடு மிதக்கும் மனிதனும் ஒரே காற்றில் ஒரே வேகத்தில் போவதில்லை. தண்ணீருக்கு மேலே எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு காற்று தள்ளும். நேரம் ஆக ஆக வட்டம் விரிகிறது. ஆரம் 10 கடல் மைலாக இருக்கும்போது தேட வேண்டிய பரப்பு ஏறத்தாழ 314 சதுர கடல் மைல்; ஆரம் 40 ஆகும்போது அது 5,000 சதுர கடல் மைலைத் தாண்டிவிடும். ஆரம் நான்கு மடங்கானால் பரப்பு பதினாறு மடங்காகிறது. வெண்ணுரை பொங்கும் கடலில் விமானத்திலிருந்து ஒரு மனிதத் தலையைக் காண்பதற்கு அதன் நேர்மேலே சில நூறு மீட்டருக்குள் பறந்தாக வேண்டும். ஆகவே தொடக்கப் புள்ளி சரியாகக் கிடைத்தால் ஒரு விமானம் போதும். கிடைக்காவிட்டால் ஒரு படையே போனாலும் போதாது.

ஒக்கியின்போது இந்தத் தொடக்கப் புள்ளிகள் எங்கும் பதிவாகியிருக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. எந்தப் படகு எந்தத் திசையில், எந்த மீன்பிடிப் பரப்பை நோக்கி, யார் யாரோடு கூட்டாகப் போனது என்பது கரையில் இருந்த படகு உரிமையாளருக்குத் தெரியும். அதே பரப்பில் முந்தைய வாரம் தொழில் செய்துவிட்டுத் திரும்பிய ஓட்டுநரின் ஜிபிஎஸ் கருவியில் அந்த இடத்தின் குறியீடுகள் இருக்கும். கடைசியாகப் பேசியபோது எங்கே இருந்தார்கள் என்பது வழியில் செய்தி கடத்திய படகுக்காரருக்குத் தெரியும். இன்கோயிஸ் நிறுவனம் 2016 லேயே சரட் என்ற கணிப்புக் கருவியை உருவாக்கியிருந்தது. கடைசியாக இருந்த இடத்தையும் நேரத்தையும் பொருளின் வகையையும் கொடுத்தால், நீரோட்டக் கணிப்பை வைத்து அது இப்போது எங்கே மிதக்கக்கூடும் என்று வரைபடத்தில் காட்டும். கேட்பவரிடம் கருவி இருந்தது, சொல்பவரிடம் இடம் இருந்தது. இரண்டையும் சேர்க்கிற வேலை மட்டும் யார் பெயரிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கப்பலில் ஏறிய மீனவர்கள்

எதிர்ப்பு வலுத்த பிறகு, கடற்படையும் கடலோரக் காவல்படையும் மீனவர்களைத் தங்கள் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு தேடுதலுக்குப் போயின. இந்தக் கூட்டுறவை மக்களைச் சமாதானப்படுத்துவதற்கான ஏற்பாடாக மட்டும் பார்ப்பது தவறு. போர்க்கப்பலின் கட்டளை மேடையில் நிற்கும் அதிகாரி ராடாரில் தெரியும் ஒரு புள்ளியைப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் மீனவர் அது எந்த ஊர்ப் படகு, வழக்கமாக யாரோடு சேர்ந்து போகும், அந்தக் கூட்டத்தின் மற்ற படகுகள் எங்கே இருக்கக்கூடும் என்று சொல்கிறார். இயந்திரம் நின்ற படகில் இருப்பவர்கள் வலையைத் தண்ணீரில் இறக்கிப் படகை அலைக்கு எதிராகத் திருப்பி வைக்க முயல்வார்கள். அப்படிச் செய்த படகு மெதுவாக நகரும், அதைத் தேட வேண்டிய இடம் வேறு. இதை எந்தக் கையேட்டைக் காட்டிலும் அந்தத் தொழிலில் இருப்பவர் நன்றாக அறிவார். மொழியும் ஒரு காரணம். புயலில் நாட்கணக்கில் தவித்த ஒருவர் தன் கூட்டாளிகள் எங்கே விழுந்தார்கள் என்று சொல்லும்போது, அதே ஊர்ப்பேச்சில் கேட்டு வாங்க ஒருவர் இருந்தால்தான் அடுத்த தொடக்கப் புள்ளி கிடைக்கும்.

இது முதல் நாளே நடந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது. கரையோர வள்ளக்காரர்களைப் பொறுத்தவரை, மீனவர்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் புறப்பட்ட நாளில் காலம் கடந்துவிட்டது என்பது மட்டும் உறுதி. தேடுதல் பிறகு உடல்களைத் தேடுவதாக மாறியது. கேரளக் கடலின் வடபகுதிகளில் கிடைத்த உடல்கள் அடையாளம் காண முடியாத நிலையில் இருந்ததால் மரபணுச் சோதனை செய்ய வேண்டியதாயிற்று. பிள்ளையின் உடல் வந்திருக்கிறதா என்று அறிவதற்காகக் குமரி மாவட்டத்துத் தாய் தகப்பன்மார் ரத்தம் கொடுக்கத் திருவனந்தபுரம் போனார்கள்.

எண்ணிக்கை

கூட்டுத் தேடுதலில் மிக எளிதாகத் தவறிப்போகிற வேலை எண்ணுவது. ஹெலிகாப்டர் நான்கு பேரைத் தூக்கிக் கொச்சியில் இறக்கும். வணிகக் கப்பல் சிலரை ஏற்றிக்கொண்டு வேறு துறைமுகத்துக்குப் போகும். ஒரு படகு தானாகவே லட்சத்தீவில் ஒதுங்கும். ஒவ்வொரு அமைப்பும் தான் மீட்டவர்களை எண்ணும். இன்னும் யார் பாக்கி என்பதை எண்ண ஒரே ஒரு கை வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் தேடுதலை எங்கே குவிப்பது, எப்போது நிறுத்துவது என்ற இரண்டு முடிவுகளையும் எடுக்க முடியாது.

பாதுகாப்பு அமைச்சரின் அதே நாடாளுமன்ற அறிக்கையில் காணாமல் போனவர்கள் 661 பேர் என்றும், அவர்களில் 400 பேர் தமிழ்நாட்டையும் 261 பேர் கேரளத்தையும் சேர்ந்தவர்கள் என்றும் கூறப்பட்டது. தங்குகடலுக்குப் போனவர்கள் கிறிஸ்துமசுக்குள் திரும்பிவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு அதற்கு முன் இருந்தது. பலர் திரும்பவும் செய்தார்கள், எண்ணிக்கை குறைந்தது. ஆனால் அதுவரையில் மாநில அரசுகளின் பட்டியல், மத்திய அரசின் பட்டியல், ஊர்களின் பட்டியல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கொச்சியிலிருந்து புறப்பட்ட படகில் இருந்த தூத்தூர்க்காரரை இரு மாநிலமும் எண்ணியிருக்கலாம், அல்லது இரண்டுமே விட்டிருக்கலாம்.

இந்தக் குழப்பத்தில் ஊர் ஊராக, பெயர் பெயராக, படகு படகாகத் தயாரான பட்டியல் தேவாலயப் பங்குகளில்தான் இருந்தது. இதற்கு ஒரு காரணம் பலருடைய கவனத்துக்கு வரவில்லை. தூத்தூர் வட்டாரத்துப் பங்குகள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பூந்துறையும் விழிஞ்ஞமும் தூத்தூரும் வள்ளவிளையும் அந்த ஒரே நிர்வாகத்துக்குள் வருகின்றன. அரசின் பட்டியல் மாநில எல்லையில் இரண்டாக உடைந்தது. பங்குகளின் பட்டியல் உடையவில்லை. ஒரு தேடுதல் மையம் முதல் நாளிலேயே நாடியிருக்க வேண்டிய ஆவணம் அதுதான். அது அரசு ஆவணம் அன்று என்ற தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் உயிரைத் தேடும்போது பட்டியலுக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாம் வேலை. பெயரை எடுத்துக்கொண்டு தேடலாம், பின்னர் சரிபார்க்கலாம்.

எண்ணிக்கைக் குழப்பம் ஏழை மீனவர்களிடம் மட்டும் நேர்வது என்று நினைப்பதும் சரியன்று. 2021 மே 17 அன்று டவ்தே புயலில் மும்பைக்கு அப்பால் மூழ்கிய பி-305 மிதவையில் எண்ணெய் வயல் தொழிலாளர்கள் 273 பேர் என்று முதலில் சொல்லப்பட்டுப் பின்னர் 261 என்று திருத்தப்பட்டது. ஆயினும் அங்கே இடம் தெரிந்திருந்தது. ஐஎன்எஸ் கொச்சி உள்ளிட்ட கப்பல்களும் எண்ணெய் வயலுக்குச் சேவை செய்யும் தனியார் கப்பல்களும் அந்த இடத்தைச் சுற்றியே தேடி, மிதவையிலிருந்து 186 பேரையும் வரப்பிரதா என்ற இழுவைக் கப்பலிலிருந்து இருவரையும் உயிரோடு தூக்கின. 86 பேர் மாண்டனர்.

அதே விமானம், வேறொரு கடல்

ஒக்கிக்குப் பத்து மாதம் கழித்து நடந்த ஒரு மீட்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தனியாக உலகைச் சுற்றும் பாய்மரப் போட்டியில் கலந்துகொண்ட இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு 2018 செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில், பெர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 1,900 கடல் மைல் தொலைவில் புயலில் பாய்மரம் முறிந்து நின்றது. முதுகில் பலத்த காயம். அவரால் அசைய முடியவில்லை. படகில் அவசரநிலைக் கருவி இருந்தது, இருப்பிடத்தைக் காட்டும் கருவி இருந்தது, செயற்கைக்கோள் வழியாகச் சுருக்கமான செய்திகளை அனுப்பும் வசதியும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் குடிமை மீட்பு மையம் பணியை ஒருங்கிணைத்தது. மொரிசியசிலிருந்து பறந்த இந்தியக் கடற்படையின் பி-8ஐ அவருடைய படகைக் கண்டது. பிரான்சின் மீன்வளக் காவல் கப்பலான ஒசிரிஸ் செப்டம்பர் 24 அன்று அவரை ஏற்றி ஆம்ஸ்டர்டாம் தீவில் சேர்த்தது. ஐஎன்எஸ் சத்புரா பின்னர் அங்கிருந்து அழைத்துவந்தது. மூன்று நாடுகள், ராணுவ விமானப் பிரிவுகள், ஒரு குடிமை மையம், ஒரு மீன்வளக் கப்பல்; யாருக்கும் யாரோடும் வழக்கமான உத்தரவு உறவு இல்லை. ஆயினும் பணி தடையின்றி நடந்தது.

அந்த மீட்பில் பங்கேற்ற எல்லோரும் பாராட்டுக்கு உரியவர்கள். ஒக்கியில் பயன்பட்ட அதே வகை விமானம்தான் அங்கும் பறந்தது. லட்சத்தீவுக் கடலில் தேடியவர்களைவிட அங்கே தேடியவர்கள் திறமைசாலிகள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தேடப்பட்டவர் தன் இடத்தைச் சொல்ல முடிந்தது என்பதே வேறுபாடு. கருவியின் விலை ஒரு மீன்பிடிப் படகின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதன்று. வள்ளவிளைப் படகில் அது இல்லாமல் போனதற்கு மீனவரைக் குறை சொல்வது எளிது. பல ஆண்டுகளாக மானியத்தில் டீசலும் வலையும் கொடுத்த திட்டங்கள் இதை ஏன் முன்னிலைப்படுத்தவில்லை என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பிறகு மாறியவை, மாறாதவை

ப. சிதம்பரம் தலைமையிலான உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2018 இல் ஒக்கியைப் பற்றியே தனியாக ஓர் அறிக்கை அளித்தது. 2019 அக்டோபரில் இன்கோயிஸ் ஜெமினி என்ற கருவியை வெளியிட்டது. கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்தாலும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அதற்கு வந்து சேரும். நாவிக் என்ற இந்திய இடங்காட்டிச் செயற்கைக்கோள் அமைப்பின் வழியாகச் செய்தி தரும் கருவிகளும் வந்தன. இவை ஒருவழிப் பாதைகள்: கரை சொல்வதைப் படகு கேட்கும், படகு சொல்வதைக் கரை கேட்காது. எச்சரிக்கைக்கு அது போதும், மீட்புக்குப் போதாது. படகிலிருந்து ஆபத்துச் செய்தி அனுப்பும் டாட் என்ற கருவியை இஸ்ரோ 2010 லேயே உருவாக்கியிருந்தது. ஆனால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி அந்தக் குறையைப் போக்கியது. பெங்களூரு மையம் செய்தியைப் பெற்றதும் பதில் போகிறது. இயந்திரம் நின்று, இருட்டில் அலைக்கு நடுவே இருப்பவருக்கு, உங்கள் குரல் கேட்டுவிட்டது என்ற ஒரு வரி எவ்வளவு பெரிது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு லட்சம் படகுகளில் இருவழித் தொடர்புக் கருவிகளைப் பொருத்தும் திட்டத்தையும் மத்திய அரசு எடுத்துக்கொண்டுள்ளது.

கருவிகளைப் பற்றி மீனவர்களிடம் ஒரு தயக்கம் உண்டு. நல்ல மீன்பரப்பு பிறருக்குத் தெரிந்துவிடுமோ, எல்லை தாண்டியதாக வழக்குப் போடுவார்களோ என்ற அச்சத்தில் கருவியை அணைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். மீட்புக்காகப் பெறப்படும் இருப்பிடத் தகவலை வழக்குக்குப் பயன்படுத்துவதில்லை என்று எழுத்தில் உறுதி கொடுக்காத வரையில் இந்த அச்சம் போகாது. பாதுகாப்புப் படையே மீட்புப் படையாகவும் இருக்கும் நாட்டில் இந்த உறுதிக்கு இன்னும் கூடுதல் தேவை உண்டு.

புறப்பாட்டுப் பதிவு இதைவிட எளிய வேலை. ராமேசுவரம் போன்ற இடங்களில் விசைப்படகுகள் மீன்வளத் துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் கடலுக்குப் போகின்றன. தங்குகடல் படகுகளுக்கும், எந்த மாநிலத் துறையிலிருந்து புறப்பட்டாலும், படகின் பதிவெண், ஆட்களின் பெயர், அவர்களுடைய சொந்த ஊர், போகும் பரப்பு, திரும்பும் உத்தேச நாள், கரையில் தொடர்புகொள்ள ஒருவர் ஆகியவற்றைப் புறப்படும் துறையிலேயே எழுதி வைக்க வேண்டும். அந்த ஏட்டை மாநிலத் தலைநகரில் பூட்டி வைத்துப் பயனில்லை. கடலோரக் காவல்படையின் துணை மையம் அதை நேரடியாகப் பார்க்கும்படி இருக்க வேண்டும். கொச்சி மையத்தில் புயல் நாட்களில் தூத்தூர் வட்டாரத்து மீனவர் சங்கத்திலிருந்தும் பங்குகளிலிருந்தும் இருவர் அதிகாரப்பூர்வமாக உட்கார இடம் இருக்க வேண்டும். கடற்படையும் காவல்படையும் நடத்தும் தேடுதல் பயிற்சிகளில் அவர்கள் விருந்தினராக வராமல், தொடக்கப் புள்ளியைக் கணக்கிடும் மேசையில் பங்கு வகிக்க வேண்டும். தாழ்வுப் பகுதி உருவாகிறது என்ற முதல் அறிக்கை வரும் மணியிலேயே, அது புயலாகுமா ஆகாதா என்று காத்திராமல், கடலில் இருக்கும் படகுகளின் பட்டியல் அந்த மேசைக்கு வந்துவிட வேண்டும்.